வியாழன் வரைக்கும் வெயில்

லண்டனுக்கு லொறியில் வந்து சேர்ந்த எந்தத் தமிழனிடமும் ஓர் உபதேசம் இருக்கும். கேட்காமலே சொல்லுவான். என்னுடையது இரண்டே வரி. இரண்டு சுவெட்டர் போடு. என்ன நடந்தாலும் லொறிச் சுவரில் தட்டாதே.

எண்பத்தைந்து ஜனவரியில் நான் வந்தபோது ஜெர்மன் எல்லையில் ஒருவன் குளிர் தாங்காமல் தட்டிவிட்டான். பொலிஸ் வந்து கதவைத் திறந்தது. ஒன்பது பேரையும் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி புறப்பட எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கலியாண வீட்டிலும் சொல்லுவேன், செத்த வீட்டிலும் சொல்லுவேன். என் மனைவி வசந்தமலர், "துவங்கிட்டார், குலசேகரம் புராணம்" என்று தேத்தண்ணிக் கோப்பையோடு எழுந்து போய்விடுவாள்.

தொண்ணூற்று நான்கு ஜூலையில் அந்த உபதேசத்தை என் தம்பிக்குச் சொன்னேன். பரமேஸ்வரன் மொஸ்கோவில் ஓர் அறைக்குள் நான்கு மாதமாய்க் கிடந்தான். லொறி ஏறுவதற்கு முதல் நாள் போனில் கிடைத்தான்.

"தட்டாதை. செத்தாலும் தட்டாதை. விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை."

அவன் ஓம் என்றால் ஓம்தான். அவனுக்கு எட்டு வயதாய் இருக்கும்போது சுன்னாகம் சந்தையில், "சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு இதிலை நில்" என்று விட்டுவிட்டு, சிநேகிதன் ஒருவனோடு கதைத்தபடியே நான் அவன் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். பின்னேரம் ஞாபகம் வந்து ஓடினால், மூத்திரம் போன காற்சட்டையோடு, சைக்கிளைப் பிடித்தபடி அதே இடத்தில் நிற்கிறான். ஏனடா வரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள்தானே நிக்கச் சொன்னனீங்கள்" என்றான். விசரன்!

ஞாயிறு காலை, ஆட்களை லொறியேற்றி அனுப்பும் ஏஜென்ற் செல்வரத்தினம் போன் எடுத்தான். "அண்ணை, ஏத்தியாச்சு. உக்ரேனுக்கை வந்திட்டினம். தோல் சப்பாத்துப் பெட்டியளுக்கு நடுவிலை பதினொரு பேர். மிஞ்சினால் வெள்ளிக்கிழமை, எல்லை தாண்டிப்போடுவினம்" என்றான். எனக்குச் சந்தோஷம். லண்டனில் நாங்கள் இருந்த கோலியர்ஸ் வுட்டில் அன்று தார் உருகுகிற வெயில். யன்னலை எல்லாம் திறந்துவிட்டு, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டேன். வெயிலையும் லொறியையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை. லொறி என்றால் எனக்குக் குளிர்தான்.

திங்கட்கிழமை நான் வேலை செய்யும் பெற்றோல் ஷெட்டுக்கு ஒரு வெள்ளைக்காரி வந்தாள். காரைப் பூட்டி நிழலில்லாத இடத்தில் விட்டுவிட்டு, எதிர்க் கடைக்குப் போனாள். உள்ளே ஒரு நாய். கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். பிறகு எல்லாரும் கத்தினார்கள். ஒருவன் ஜாக்கியால் கண்ணாடியை உடைத்து நாயை இழுத்து வெளியே போட்டான். நான் தண்ணீர் வாளியோடு ஓடினேன். நாக்கு வெளியே தள்ளி, கண் செருகி, அந்த நாய் கிடந்த கிடை!

"எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது?" என்று ஒருவன் கேட்டான்.

"இருபது நிமிஷம்" என்றான் மற்றவன்.

வாளியை வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்திவிட்டேன். இருபது நிமிஷம். என் தம்பி ஐந்து நாள் இருக்கப்போகிறான், இரண்டு சுவெட்டரோடு.

செல்வரத்தினத்துக்குப் போன் எடுத்துக் கத்தினேன். "டிரைவரிட்டைச் சொல்லு! கதவைத் திறந்து காத்து விடச் சொல்லு!"

"அண்ணை, டிரைவரை நான் கண்டதே இல்லை. எனக்கு மேலை ஒருத்தன், அவனுக்கு மேலை ஒருத்தன். லொறி வெளிக்கிட்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்ய ஏலாது."

"அப்ப தட்டச் சொல்லியாவது சொல்லு!"

"ஆரிட்டைச் சொல்ல?" என்றான். அவன் கேட்டதும் சரிதானே.

மகளின் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து விரித்தேன். உக்ரேனின் மேற்குப் பக்கத்தில் மண்ணிறத்தில் ஒரு மேட்டுச் சமவெளி. மரம் இருக்குமோ, நிழல் இருக்குமோ, அட்லஸ் அதையெல்லாம் சொல்லாது. பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வெளிநாட்டு வானிலைக்கென்று ஒரு டெலிபோன் நம்பர் போட்டிருந்தது. சுழற்றினேன். பதிந்து வைத்த ஒரு பெண் குரல், வெயிலைப் பற்றி அவ்வளவு இனிமையாய்ச் சொன்னது. முப்பத்தாறு பாகை. காற்றில்லை. வியாழன் வரைக்கும் வெயில். வியாழன் பின்னேரம் மேட்டுச் சமவெளியில் இடியோடு கூடிய மழைக்கு வாய்ப்பு.

"வாய்ப்பு எண்டால் என்னடி? பெய்யுமோ பெய்யாதோ?" என்று றிசீவரைப் பார்த்துக் கேட்டேன். அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை. ஷிப்டுக்கு முன் ஒரு தரம், ஷிப்டுக்குப் பின் ஒரு தரம், தேத்தண்ணி நேரத்தில் இன்னொரு தரம். செவ்வாய் முப்பத்தாறு. புதன் முப்பத்தேழு.

புதன் பின்னேரம் வசந்தமலர் என்னை விம்பிள்டன் பிள்ளையாரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பரமேஸ்வரன், சுவாதி நட்சத்திரம் என்று அர்ச்சனை செய்தோம்.

"உக்ரேனிலை மழை பெய்யவேணும் எண்டு கேளுங்கோ" என்றாள்.

"பிள்ளையாருக்கு உக்ரேன் எங்கை தெரியும்?"

"விம்பிள்டன் தெரிஞ்சவருக்கு உக்ரேன் தெரியாதோ? உந்த வாயை மூடிக்கொண்டு கும்பிடுங்கோ."

கும்பிட்டேன். மழை கேட்கவில்லை. அவன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், என் சொல்லை மீறித் தட்டவேண்டும் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டு அழுதேன்.

வியாழன் பின்னேரம் அந்தப் பெண் குரல் ஒரு மாற்றமுமில்லாமல் மழைக்கு வாய்ப்பு என்றது. வெள்ளி போன் வரவில்லை. செல்வரத்தினத்தின் நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கோதாரி விழுவான் எடுக்கவில்லை. சனி மத்தியானம் லண்டனில் வானம் கறுத்து, முதல் இடி விழுந்தது. வசந்தமலர் கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடினாள். அப்போது போன் அடித்தது.

"அண்ணை."

"டேய்! எங்கையடா நிக்கிறாய்?"

"ஆசுப்பத்திரியிலை. வெளியிலை பொலிஸ் நிக்குது. ஒரு டொக்டர்தான் போன் தந்தவர்." குரல் கிழிந்துபோய் இருந்தது, ஆனால் அவன் குரல்தான்.

"மழை பெய்ததோ?" என்று கேட்டேன். முதலில் கேட்கவேண்டிய கேள்வியா அது? அதுதான் வாயில் வந்தது.

"ஓம், வியாழக்கிழமை. பெட்டியள் நனையுது எண்டு டிரைவர் கதவைத் திறந்தவன். நாங்கள் கிடந்த கோலத்தைக் கண்டதும் ஓடிப்போட்டான்."

பிள்ளையாரே என்று சுவரில் சாய்ந்தேன். வசந்தமலர் நனைந்த உடுப்புகளோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"அண்ணை, நான் தட்டேல்லை."

"என்ன?"

"நீங்கள் சொன்னபடி. ஒருக்காலும் தட்டேல்லை. புதன்கிழமை லொறி ஓரிடத்திலை நிண்டது. வெளியிலை சனம் கதைக்கிற சத்தம் கேட்டது. மன்னார் ஆள், யாக்கோப்பு அண்ணை, தட்டப் போனவர். மற்றவையும் எழும்பிச்சினம். நான்தான் அவரின்ரை கையை இறுக்கிப் பிடிச்சு வைச்சிருந்தனான். எங்கடை அண்ணை லண்டனிலை இருக்கிறார், அவர் பட்டுத் தெரிஞ்சவர், தட்டினால் எல்லாரும் பிடிபடுவம் எண்டு சொன்னனான். பிறகு எல்லாரும் பேசாமல் இருந்திட்டினம்."

"யாக்கோப்பு இப்ப எங்கை?"

அந்தப் பக்கம் யாரோ வேற்றுப் பாஷையில் எதையோ கூப்பிட்டுச் சொன்னார்கள்.

"அவரும் இன்னும் மூண்டு பேரும், அண்ணை. மழைக்கு முதலே போயிட்டினம்." என்றான். "நான் சரியாத்தானே செய்தனான்?"

சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் என்ன சொல்லட்டும்? நீ கொன்றாய் என்பதா, நான் கொன்றேன் என்பதா?

"ஓமடா. சரியாத்தான் செய்தனீ."

"யாக்கோப்பு அண்ணையின்ரை தங்கச்சி லூர்தம்மா லண்டனிலைதான், கிங்ஸ்பரியிலை இருக்கிறாவாம். கடதாசி கொண்டுபோகக் கூடாது எண்டு நம்பரைப் பாடமாக்கி வைச்சிருந்தவர். கடைசியா எனக்குச் சொல்லித் தந்தவர். எழுதுங்கோ, நீங்கள்தான் சொல்லவேணும்."

அட்லஸின் ஓரத்தில், அந்த மண்ணிறச் சமவெளிக்குப் பக்கத்தில் எழுதினேன். லைன் அறுந்தது. வசந்தமலர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "சுகமாய் இருக்கிறானோ? சொல்லுங்கோவன்" என்று கேட்டுக்கொண்டே நின்றாள். வெளியே கொட்டிய மழையில் யன்னலோரக் கம்பளம் நனைந்துகொண்டிருந்தது. ஒருவரும் போய் மூடவில்லை.

நம்பரைச் சுழற்றினேன். பாதியில் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அங்கே ஒரு மணிகூட முழுதாய் அடிக்கவில்லை. லூர்தம்மாவும் என்னைப் போலவே ஒரு கிழமையாய்ப் போனுக்குப் பக்கத்தில் இருந்திருக்கவேண்டும்.

"அண்ணையோ?" என்றாள்.