பிரமாணத்துக்கு முந்தைய மூன்று நாட்கள்

ஹார்மன் கவுண்டியில் கலாவதியை யாருக்கும் தெரியாது. அவளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவேதான் காரணம்.

டெக்சஸில் ஃபிரிஸ்கோவிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் டிரைவ் பண்ணினால் ஹார்மன் வந்துவிடும். சோளக்காடாகக் கிடந்த இடமெல்லாம் பத்தே வருஷத்தில் ஒரே மாதிரி வீடுகளாக முளைத்த ஊர். அந்த வீடுகளுக்கான சாலை, மழைநீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர், கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் கமிஷனர் வேட் ஹாலிஸ்டர். மூன்று தேர்தலில் வரிசையாக ஜெயித்தவர். 2017 மே மாதம் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் அங்கே நாற்பது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருந்த ஒரு முதியவரைப் படகு வைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். காகிதத்தில் முப்பத்தாறு அங்குலக் குழாய். மண்ணுக்குள் கிடந்ததோ இருபத்து நான்கு அங்குலம் என்று பிறகு தெரியவந்தது.

கவுண்டியின் அரசு வக்கீலும் ஓட்டு வாங்கிப் பதவிக்கு வருகிறவர்தான்; அவருக்கும் ஹாலிஸ்டருக்கும் தேர்தல் வேலை பார்த்தவர் ஒரே ஆள். "நான் விசாரித்தால் ஊர் நம்பாது" என்று அரசு வக்கீல் எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டார். அப்படி ஒருவர் விலகினால், வெளியிலிருந்து ஒரு வக்கீலை நீதிபதி நியமிக்கலாம். அந்த ஒரு வழக்குக்கு மட்டும் அரசு வக்கீலின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வரும். சம்மன் அனுப்பலாம், வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சிகளை நிறுத்தலாம், குற்றம் சாட்டலாம். நீதிபதி எலன் பிராண்ட் எந்தக் கட்சிக்காரரோடும் கைகுலுக்கி அறியாத ஓர் ஆளைத் தேடினார். கோயம்புத்தூரில் சட்டம் படித்து, கல்யாணமாகி டெக்சஸ் வந்து, இங்கே மறுபடி படித்து, ஒன்பது வருஷம் வேறொரு கவுண்டியில் அரசுத் தரப்பில் வாதாடிவிட்டுத் தனியாக அலுவலகம் போட்டிருந்த கலாவதியின் பெயர் அவர் கண்ணில் பட்டது.

நியமன உத்தரவு 2018 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை வந்தது. மறுநாளே, அந்தக் குழாய்களைப் போட்ட கம்பெனிக்கு, ஆவணங்களைக் கேட்டு கலாவதி முதல் சம்மனை அனுப்பினாள். கம்பெனி அலுவலகம் வேறு கட்டடத்துக்கு மாறப்போகிறது, பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போடப்போகிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. அவசரம். நீதிபதி வெளியூர் போயிருந்ததால் பதவிப் பிரமாணம் வெள்ளிக்கிழமைதான் நடந்தது. வலது கையை உயர்த்திச் சொன்னாள், கையெழுத்துப் போட்டாள், மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாள்.

சம்மனுக்குப் பதிலாக நான்கு பெட்டி நிறையக் காகிதம் வந்தது. அதில் ஹாலிஸ்டர் தன் கைப்படத் தட்டிய மின்னஞ்சல்கள் பதினொன்று இருந்தன. "சின்ன சைஸையே போடுங்கள், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது ஒன்று.

அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்தவர்தான் ஜம்புநாதன். தென்காசிக்காரர், கவுண்டியின் வடிகால் இன்ஜினியர். வெள்ளம் வடிந்த வாரத்தில் தானே மேன்ஹோலுக்குள் இறங்கி டேப் பிடித்து அளந்திருந்தார். ஏப்ரலில் ஒரு மதியம் கலாவதியின் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், நான் ஒண்ணு முன்னாடியே சொல்லிடுதேன். என் கிரீன் கார்டு கவுண்டிதான் ஸ்பான்சர் பண்ணிருக்கு. இதுல நான் வாயத் தொறந்தா, அது என்ன ஆகும்னு எனக்கே தெரியாது."

"அதை நான் காப்பாத்திக் குடுக்கறேன்னு சொல்ல முடியாதுங்க, ஜம்பு சார்," என்றாள் கலாவதி. "இந்தக் கேஸுக்கு மட்டுந்தான் எனக்கு அதிகாரம்."

"கேஸ் நிக்குமா?"

பெட்டிகளைப் பார்த்தாள். "நிக்கும்."

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் கிராண்ட் ஜூரி முன்னால் சாட்சி சொன்னார். ஜூலையில் ஹாலிஸ்டர் மீது மூன்று குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஆகஸ்டில் ஜம்புநாதனைச் சாலைப் பலகைகள் அடுக்கி வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். இன்ஜினியருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

செப்டம்பரில் ஹாலிஸ்டரின் வக்கீல் ஒரு மனு போட்டார். குழாயைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது, முழுக்க கலாவதியைப் பற்றித்தான். கமிஷனரை அறுபதாயிரம் பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த அம்மாளை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இந்த ஊரில் வீடில்லை, ஓட்டில்லை. ஒரே ஒரு நீதிபதியின் கையெழுத்தை வைத்துக்கொண்டு மக்கள் தலைவர் ஒருவரை விசாரிக்க இவர் யார்?

வாதம் நாற்பது நிமிஷம் நடந்தது. கலாவதி சளைக்கவில்லை. ஓட்டு வாங்கியவரை விசாரிக்க ஓட்டு வாங்கிய இன்னொருவரால் முடியாமல் போகும்போதுதான் சட்டம் இந்த வழியை வைத்திருக்கிறது என்றாள். தனக்கென்று சொந்த அதிகாரம் எதுவும் இல்லை, சட்டமும் உத்தரவும் பிரமாணமும் கொடுத்தது மட்டுமே இருக்கிறது, அதனால்தான் தன்னை நம்பலாம் என்றாள். பின் வரிசையில் இருந்த நிருபர் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். நீதிபதி பிராண்ட் தலையசைத்துவிட்டு, நியமன உத்தரவையும் பதவிப் பிரமாணப் பத்திரத்தையும் ஒரு வாரத்துக்குள் தாக்கல் செய்யச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அந்தக் காகிதங்களைப் பரப்பினாள். தேதி வாரியாக அடுக்குவது அவள் பழக்கம். உத்தரவு, மார்ச் 12. பிரமாணம், மார்ச் 16. இரண்டையும் சேர்த்து கிளிப் போடப் போனவள், ஏதோ உறுத்த, வழக்குக் கட்டைப் பிரித்து முதல் சம்மனை எடுத்தாள். மார்ச் 13.

மறுபடி பார்த்தாள். தேதிகள் அப்படியே இருந்தன.

சட்டப் புத்தகத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். வெளியிலிருந்து வரும் வக்கீல் பிரமாணம் எடுத்த பிறகே அந்தப் பதவிக்குரிய வேலையைச் செய்யலாம். செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் அவள் கையில் ஒன்றுமே இருந்திருக்கவில்லை. தெருவில் போகிற யாரோ ஒரு பெண்மணி குழாய் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நான்கு பெட்டி காகிதம் வாங்கின மாதிரிதான். அந்தப் பதினொரு மின்னஞ்சல்களும் அந்தப் பெட்டிகளில்தான் இருந்தன. மூன்று குற்றச்சாட்டும் அவற்றின் மேல்தான் நின்றன.

கணவன் சபரி காய்கறிப் பைகளோடு உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பைகளைக் கீழே வைத்தான். சொன்னாள். சபரி ஐடிக்காரன், எந்தச் சிக்கலையும் இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவான்.

"அவங்க வக்கீல் இதைப் பார்த்தாச்சா?"

"இல்லீங்க. பார்த்திருந்தா மனுவுல முதல் பாயிண்ட்டே இதுவாத்தான் இருக்கும்."

"ஜட்ஜ் கேட்டது ஆர்டரும் பிரமாணமும் மட்டுந்தானே. சம்மனைக் கேக்கலயே?"

"கேக்கலை."

சபரி தக்காளியை எடுத்துக் கூடையில் போட்டான். "மூணு நாள், கலா. வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தாலும் அதே பெட்டிதான் வந்திருக்கும். அந்தாளு செஞ்சது பொய்யாயிடுமா?"

"ஆகாது. அவரு செஞ்சது நிஜம். ஆனா ரிப்போர்ட்டுல சைஸ் மாத்தி எழுத உங்களுக்கு என்ன ரைட் இருக்குன்னு அவரைக் கேக்கப் போறவ நான். அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பினா நான் என்ன காட்டுறது?"

"யாரும் திருப்பலையே."

"அதுதாங்க கஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அந்தக் காகிதங்களைத் தொடவில்லை. துணி மடித்தாள். காரைக் கழுவ எடுத்துப்போனாள், கழுவாமலே திரும்பி வந்தாள். திங்கட்கிழமை காலை நீதிமன்றத்துக்குக் கிளம்பும் முன் ஜம்புநாதனுக்கு போன் பண்ணினாள். செய்தியில் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் நகரும் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"நிக்கும்னு சொன்னியளே, மேடம்."

"சொன்னேன்."

"நான் அந்தக் குழிக்குள்ள எறங்கினவன். ரெண்டு பிள்ளையள வச்சுக்கிட்டு, என் பொண்டாட்டி வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வந்து சாட்சி சொன்னேன். நீங்க ஒரு தேதியைப் பாக்கலை. அதுக்கு நானா அனுபவிக்கணும்?"

"தப்பு என்னோடதுங்க."

"தப்பு ஒங்களோடது. கிடங்கு என்னோடது." போனை வைத்துவிட்டார்.

அவள் தாக்கல் செய்ததில் மூன்று காகிதங்கள் இருந்தன. உத்தரவு, பிரமாணம், சம்மன். கூடவே ஒரு பக்கக் கடிதம். தேதிகளை வரிசையாகச் சொல்லி, பொறுப்பு தன்னுடையது என்று முடித்திருந்தாள். நீதிபதி பிராண்ட் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பிரமாணத்தை உடனே நடத்தாமல் தான் வெளியூர் போனதையும் பதிவில் சேர்க்கச் சொன்னார். பிறகு தீர்ப்பு. சம்மனில் வந்த காகிதங்கள் செல்லாது. அவற்றை வைத்துப் பதிவான குற்றச்சாட்டுகளும் ரத்து. ஆனால் வேறொரு சிறப்பு வக்கீல் புதிதாக விசாரிக்கத் தடை இல்லை.

தடை இல்லை என்பதை யாரும் பெரிதாக எழுதவில்லை. வெளியே படிக்கட்டில் நின்று ஹாலிஸ்டர் கேமராக்களைப் பார்த்து, தன்மேல் சுமத்தியது பொய் என்று நிரூபணமாகிவிட்டது என்றார். கலாவதி பக்கவாட்டு வாசல் வழியாகப் போனாள். அடுத்த வாரம் ஹனுமான் கோயிலில் சாய்ராம் என்ற தெரிந்தவர், "என்ன கலாவதி, இவ்ளோ சின்ன டெக்னிகாலிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. அந்த ஒரு வாரமும் அவளே தன்னிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரத்துக்கு எல்லை இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லப் போகிறவர் தன் எல்லையை மூன்று நாள் தாண்டியிருந்தால், அது சின்னதா, பெரியதா? நாற்பது வீட்டுக்காரர்களிடம் போய் அது பெரியது என்று சொல்ல முடியுமா? ஆனாலும் செய்ததை மாற்றிச் செய்திருக்கலாம் என்று தோன்றவில்லை.

புதிய சிறப்பு வக்கீலாக வந்தவர் ரூத் ஆல்டர்மன், வேறொரு கவுண்டிக்காரர். உத்தரவு கையில் வந்த அதே அறையில், அதே நிமிஷம் பிரமாணம் எடுத்துக்கொண்டார். பிறகு குழாய் கம்பெனிக்குப் புதிய சம்மன் போனது. சர்வர் மாற்றியதில் பழைய மின்னஞ்சல்கள் அழிந்துவிட்டன என்று பதில் வந்தது. பதினொன்றில் இரண்டு மட்டும், வேறொரு ஊழியரின் லேப்டாப்பில் கிடைத்தன. ரிப்போர்ட்டைத் தான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹாலிஸ்டர் எழுதியது அந்த இரண்டில் இல்லை.

மிச்சம் இருந்தது ஜம்புநாதனின் அளவுகள்தான். கலாவதியின் தப்பால், காகிதங்கள் சுமந்திருக்க வேண்டிய பாரமெல்லாம் அவர் தலையில் இறங்கியது. அதற்குள் கவுண்டி அவரை நீக்கிவிட்டிருந்தது. ஆஸ்டினில் ஒரு கம்பெனி வேலை கொடுத்து, கிரீன் கார்டுக்குப் புதிதாக அப்ளை பண்ணியது. இனி ஹார்மன் பக்கம் அவர் வர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சம்மன் வந்தாலும், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

அதே மூன்று குற்றச்சாட்டுகளை ரூத் மறுபடி பதிவு செய்தார். 2019 அக்டோபரில் வழக்கு நடந்தது. கலாவதி கடைசி பெஞ்சில், பார்வையாளர்களோடு உட்கார்ந்திருந்தாள். ஜம்புநாதன் சாம்பல் கோட்டில் சாட்சிக்கூண்டில் ஏறினார்.

ஹாலிஸ்டரின் வக்கீல் சிரித்த முகமாகக் கேட்டார். "முதலில் விசாரித்த வக்கீலுக்கு அதிகாரமே இல்லை என்று ஆகிவிட்டது. அது தெரியுமா?"

"தெரியும். அவரேதான் எனக்குச் சொன்னார்."

"அவரே சொன்னாரா?"

"வேறு யாருக்கும் தெரிவதற்கு முன்னால்."

வக்கீல் அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். ஆனால் ஜூரியில் முன் வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு ஜம்புநாதனை ஏறிட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவர் அளவுகளைச் சொன்னார். எந்த மேன்ஹோல், எத்தனை மணி, தண்ணீர் முழங்காலுக்கு எவ்வளவு மேலே நின்றது என்பது வரை. ஒரு எண்ணிலும் தடுமாறவில்லை.

ரிப்போர்ட்டைத் திருத்திய ஒரு குற்றம் மட்டும் நிரூபணமானது. மற்ற இரண்டிலும் ஹாலிஸ்டர் தப்பித்தார். சிறை இல்லை, ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு. பதவி போனது. அடுத்த கோடையில் அந்தக் காலனித் தெருக்களைத் தோண்டிச் சரியான குழாய் போட்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத்து பார்க்கிங்கில் ஜம்புநாதன் தன் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஆஸ்டினுக்கு நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும். கலாவதியைப் பார்த்ததும் கதவை மூடினார்.

"ஒண்ணு கேக்கணும், மேடம். அந்த சனிக்கிழமை, யாருக்கும் தெரியாம அப்படியே வச்சுடலாம்னு தோணவே இல்லையா?"

"தோணுச்சுங்க. ஞாயித்துக்கெழமை முழுக்கத் தோணுச்சு. திங்கக்கிழமை கோர்ட் வாசல்லயும் தோணுச்சு."

அவர் தரையைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் கோவம் இன்னும் போகலை."

"போகணும்னு நான் கேக்கலீங்க."

"என் வீட்டம்மாவுக்கு ஒங்க பேரைச் சொன்னாலே ஆகாது." சாவியை விரலில் சுழற்றினார். "ஒங்களப் பாத்தேன், பேசினேன்னு அவகிட்ட சொல்ல மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லாதீங்க," என்றாள் கலாவதி. "பார்த்து ஓட்டுங்க. டாலஸ் தாண்டறதுக்குள்ள டிராஃபிக் ஆரம்பிச்சிடும்."

அவர் கையை லேசாக உயர்த்திவிட்டு வண்டியை எடுத்தார்.