வாசலில் இரண்டு ஜோடி

விருதுநகரில் மாத்திரைகள் வேலைக்கு நடந்துதான் வரும். வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும். நாம் வாயைத் திறந்தால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடும். விடிந்து பார்த்தால் செருப்பு இருக்காது. வேலை முடிந்து கிளம்பியாச்சு என்று அர்த்தம்.

செருப்பை வாசலில் விடுவது வெறும் மரியாதைக்காக இல்லை. அடுத்து வருகிற மாத்திரை அதைப் பார்த்துத்தான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும். சர்க்கரை மாத்திரையின் செருப்பு கிடந்தால், பிரஷர் மாத்திரை கொஞ்சம் ஒதுங்கி நடக்கும். அதனால் அந்த ஊரில் வாசலில் கிடக்கும் செருப்பை யாரும் தொடமாட்டார்கள். வாசல் கூட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் கூட்டுவார்கள்.

தங்கபுஷ்பம் தொட்டாள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவளுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஒரு கொழுப்பு மாத்திரை இரவுச் சாப்பாடு முடிந்ததும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. வட்ட முகம், வெள்ளை வேட்டி, நீல ரப்பர் செருப்பு. அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷன். அவள் முந்தின நாள் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டிருந்தாலும் குத்திக்காட்டமாட்டார். நேராக ஈரல் பக்கம் போய் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பார்.

அண்ணாச்சியிடம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மதுரையில் இருந்தது. மகள் பொற்கொடி அங்கே மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். லிப்ட் கிடையாது. தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரவேண்டிய சமயத்தில் தாயே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டதால், பேத்தி ஆதிரை மதுரையிலேயே பிறந்தாள். தங்கபுஷ்பம் போகும்போதெல்லாம் குழந்தையைக் கீழே கொண்டுவந்து காட்டுவார்கள். தெருவில் நின்று எவ்வளவு நேரம்தான் கொஞ்சுவது? ஒரு லாரி ஹாரன் அடித்தால் குழந்தை வீல் என்று கத்தும், மேலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பேத்தியை ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மடியில் போட்டுத் தூங்கவைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் முதல் மாடி ஏறுவதற்குள்ளேயே முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது.

போனில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, டாக்டரிடமும் சொல்லாமல், புருஷனிடமும் சொல்லாமல், உடம்பு இளைக்கிற மாத்திரை ஒன்றை அவளே வரவழைத்தாள். அது மத்தியானத்தில் வந்தது. ஒல்லியான பெண்பிள்ளை, ரோஸ் கலரில் குதிகால் உயர்ந்த செருப்பு. தெருமுனையிலேயே டக்டக் என்று சத்தம் கேட்டது.

எதிர்வீட்டுத் தெய்வானைக்கு அடுத்த வீட்டு வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணாமல் காபி இறங்காது. "இந்த வயசுல புஷ்பத்துக்கு ஒல்லியாகணுமாம்!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாளே என்று தங்கபுஷ்பத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ரோஸ் செருப்பை எடுத்துப் பழைய முறுக்கு டின்னுக்குள் போட்டு மூடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். செருப்பு இல்லாமல் கிளம்ப வழியில்லாததால் அந்த மாத்திரை உள்ளேயே தங்கிவிட்டது.

எடை குறையத்தான் செய்தது. ரவிக்கை லூசானது. அவளுடைய பழைய அகலச் செருப்பு ஒரு நாள் வாசலிலிருந்து காணாமல் போனது. நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் தொடையிரண்டும் அம்மியில் வைத்து அரைத்த மாதிரி வலித்தது. ஒரு நாள் இரவு, உள்ளே போன அண்ணாச்சி உடனே வெளியே வந்துவிட்டார். நெற்றி புடைத்திருந்தது.

"உள்ள வேற யாரும் இருக்காகளாம்மா? இருட்டுல முட்டிக்கிட்டேன்."

"யாரும் இல்லையே அண்ணாச்சி."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். தன் செருப்பு மட்டும்தான் கிடந்தது. "அப்ப சரி" என்று மறுபடி உள்ளே போனார். நம்பிவிட்டார், பாவம்.

வலி கூடக்கூடத் தங்கபுஷ்பத்துக்கு ஒரு யோசனை வந்தது. உடம்புதான் இளைக்கிறதே, கொழுப்பும் சேர்ந்து போயிருக்காதா? இனி அண்ணாச்சி எதுக்கு? அவர் போனால் உள்ளே முட்டிக்கொள்வதாவது குறையும். அன்றைக்குத் தண்ணீர் டம்ளரை நீட்டாமலே சொன்னாள்.

"இனிமே வர வேண்டாம் அண்ணாச்சி. எனக்குத் தேவலை."

"டாக்டரம்மா சொன்னாகளா?"

"சொன்னாக."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் இரவு அவளுடைய புருஷன் ஞானசிகாமணி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். வத்தல் மண்டியில் வேலை, அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அடைப்பு வந்த அன்று அவளை ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனது அவர்தான்.

"அண்ணாச்சியக் காணோமே, புஷ்பம்?"

"லீவுல போயிருக்காக."

அவர் தன்னுடைய செருப்பைக் கழுவி, அண்ணாச்சி விடுகிற இடத்தில் ஜோடியாக வைத்தார். உள்ளே ஆள் இருக்கிறது என்று அவள் நெஞ்சுக்கு ஒரு தைரியம் இருக்கட்டுமே என்று நினைத்தார். காலையில் அதை அங்கேயே விட்டுவிட்டு மண்டிக்குக் கிளம்பினார். அடுத்த நாளும் அப்படியே போனார். சித்திரை மாதம், விருதுநகர் வெயில், தார் ரோடு.

அந்த வாரக் கடைசியில் அவர் நொண்டி நொண்டி நடப்பதைப் பார்த்து, தங்கபுஷ்பம் அவர் காலைப் பிடித்துத் திருப்பினாள். பாதம் முழுக்கக் கொப்புளம். சிலது உடைந்து தோல் உரிந்திருந்தது.

"ஏங்க, செருப்பு எங்க?"

"வாசல்ல இருக்குல்ல. அண்ணாச்சி வர்றவரைக்கும் இருக்கட்டும். நீ மறுபடி அப்படிப் படுத்தீன்னா என்னால தாங்க முடியாது புஷ்பம்."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன வெட்கத்துக்காக இந்த மனுஷன் காலைச் சுட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்து முறுக்கு டின்னை இழுத்து அவர் முன்னால் திறந்தாள். அவர் ரோஸ் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆட்டோ கூப்பிடுறேன்" என்றார்.

டாக்டர் ஜோஸ்பின் டின்னுக்குள் இருந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"இது யாரு, எங்கேருந்து வந்ததுன்னே தெரியலையேம்மா. இதை இன்னைக்கே அனுப்பிடுங்க. இளைக்கணும்னா என்கிட்டச் சொன்னா நான் அனுப்பமாட்டேனா? பேர் தெரிஞ்ச, குணம் தெரிஞ்ச மருந்து இருக்கு."

"வெட்கமா இருந்துச்சு டாக்டர்."

"வெட்கப்பட இதுல என்ன இருக்கு? முழங்கால் வலிக்குது, இளைக்கணும். நியாயந்தானே?" டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார், ஈரலுக்கும் சதைக்கும் சேர்த்து. "அண்ணாச்சியை எப்படிம்மா அனுப்புனீங்க? எடை குறையுறது வேற, அவரு பார்க்கிற வேலை வேற. வேணுமா வேண்டாமான்னு ரத்தத்தைப் பார்த்து நான் சொல்றேன். காரணமில்லாம சதை வலிச்சாலோ, மூத்திரம் கறுத்துப் போனாலோ அன்னைக்கே இங்க வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் ரோஸ் செருப்பை வாசலில் வைத்தாள், அந்த மாத்திரை அதை மாட்டிக்கொண்டு டக்டக் என்று கிளம்பிப் போனது. ரத்தத்தின் முடிவு நல்லபடியாக வந்தது. அண்ணாச்சியைக் கூப்பிடலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணாச்சி மருந்துக்கடை பெஞ்சில் வேட்டியைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். தங்கபுஷ்பமே போய் நின்றாள்.

"டாக்டர் சொன்னாகன்னு பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி. மனசுல வச்சுக்காதீக. வீட்டுக்கு வாங்க."

"தண்ணி கொஞ்சம் கூடக் குடுங்க, போதும்" என்று எழுந்து வந்தார்.

டாக்டர் அனுப்பிய புது மருந்து ஊசி ரூபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. பச்சைக் கான்வாஸ் ஷூ, உள்ளே பேர் தைத்திருந்தது. வாசலிலேயே இரண்டு பேரையும் நிற்கவைத்துத் தங்கபுஷ்பம் தாம்பூலம் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தெய்வானை நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து, "அந்தப் பச்சை ஷூ எந்த டாக்டர்கிட்ட இருந்து வருது புஷ்பம்?" என்று காதோடு கேட்டாள்.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. தங்கபுஷ்பமும் ஞானசிகாமணியும் மதுரைக்குப் போனார்கள். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் மாடியில் நின்றாள், இரண்டாவது மாடியில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடி வந்தபோது மூச்சு வாங்கியது, நெஞ்சு வலிக்கவில்லை.

பொற்கொடியின் வீட்டு வாசலில் நீல ரப்பர் செருப்பும் பச்சை ஷூவும் இருந்தன. வழி விசாரித்து முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். பக்கத்தில், காணாமல் போன அவளுடைய பழைய அகலச் செருப்பு கிடந்தது.

உள்ளே போனாள். அவள் உடம்பிலிருந்து குறைந்த எடை சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் அகலமான மடியில் ஆதிரை குளித்து, பவுடர் மணக்க, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் போடாதீக, இப்பத்தான் தூங்குனா" என்றது எடை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று சொல்லி, தங்கபுஷ்பம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மடியை விரித்தாள்.