புதுக்கயிறு

எருசலேம் ஆலயத்தில் ஆண்டவர் தங்கும் அறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரதான ஆசாரியர் வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போவார். ஆனால் அந்த அறைச் சுவரில் விரிசல் விட்டால் என்ன செய்வது? விரிசல் நாள் பார்த்தா விடுகிறது! அதற்காகவே மேல்மாடித் தரையில் ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். பூச்சு வேலை தெரிந்த ஆசாரியன் ஒருவனை, மூன்று பக்கமும் அடைத்த பெட்டியில் உட்கார வைத்து, அந்தத் துவாரத்தின் வழியே கயிற்றில் இறக்குவார்கள். திறந்த பக்கம் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கும். விரிசலைப் பார்க்கலாம், அறையைப் பார்க்கக் கூடாது. பார்த்தவன் பிழைக்கமாட்டான் என்று எருசலேமில் எல்லோரும் நம்பினார்கள்.

இந்த முறை சீட்டு மல்கியாவின் பெயருக்கு விழுந்தது. விவரம் தெரிந்த நாள் முதல் அந்த அறை இருக்கும் திசையைப் பார்த்தே ஜெபம் பண்ணியவன். ஒரே ஒரு தடவை ஆண்டவர் பக்கத்தில் போய் நின்றுவிட மாட்டோமா என்று உள்ளுக்குள் ஏங்கிக் கிடந்தவன். சீட்டு விழுந்ததும் என்ன ஆயிற்று? இரண்டு நாளாக அப்பத்தைத் தொடவே இல்லை.

"என்ன மச்சான், மூஞ்சி சுண்ணாம்பைவிட வெளுத்திருக்கு?" என்றான் கயிறு பிடிக்க வந்த பெத்தகியா. மல்கியாவின் தங்கை புருஷன். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் தங்கச்சி என்னை உயிரோட விடமாட்டா."

"வாயை மூடிட்டுக் கயித்தைப் புடிடா."

கயிறு புத்தம் புதுசு. ஆண்டவர் சந்நிதியில் பழங்கயிறு இறங்கலாமா என்று தேடிப் பிடித்து வாங்கியது. பாரம் ஏறாத புதுக்கயிறு முறுக்கு அவிழும் என்று அத்தனை ஆசாரியர்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

மல்கியா முதல் பூச்சைப் பூசி முடித்த நேரம், பெட்டி மெல்லத் திரும்பியது. எதிரே இருந்த சுவர் ஓரமாக நகர்ந்தது. எட்டிப் பிடிக்கப் பார்த்தான், ஈரச் சாந்தில் விரல் வழுக்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

திறந்த பக்கம் இப்போது அறையைப் பார்த்து நின்றது. பார்த்தால் சாவு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், பயத்தைவிட ஆசைதான் அவனைப் பாடாய்ப் படுத்தியது. இமையைத் தூக்கினால் போதும். 'ஆண்டவரே, நான் வெறும் தூசி, என்னைப் பார்க்காதேயும்' என்று வாய் முணுமுணுத்தது. 'போய்விடாதேயும்' என்று சொன்னதும் அதே வாய்தான். கண்ணை மட்டும் அவன் திறக்கவில்லை.

எவ்வளவு நேரமோ, ஈரச் சாந்தின் வாசனை மறுபடி முகத்தில் அடித்தது. கண்ணைத் திறந்தான். சுவர். சுவரைத் தவிர ஒன்றுமில்லை. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

மேலே தூக்கியதும் பெத்தகியா பதறிக்கொண்டு கேட்டான்.

"பெட்டி சுத்துச்சே! கண்ணைத் தொறந்தியா?"

"இல்ல."

"அப்பாடா, பொழச்சே போ! நாளைக்கு ரெண்டாவது பூச்சுக்கு நான் எறங்குறேன். ரெண்டு கயிறாக் கட்டிட்டா பெட்டி அசையாது."

 மல்கியா மச்சான் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்கும் நான்தான் எறங்குவேன்," என்றான். "இந்த ஒத்தைக் கயிறே போதும்."