வலது சக்கரத்துக் கிரீஸ்

ராணுவத்தில் இருபது வருஷம் ஓடிய லோரி அது. ஏலத்தில் அர்ச்சுனன் எடுத்திருந்தான். சிம்பாங் பூலாய்க்கு மேலே, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்து டுரியான் பழ மரங்கள் போட்டிருந்த மலைச்சரிவில், மற்ற லோரிகள் திணறும் செம்மண் பாதையிலும் அது ஏறிவிடும். கொஞ்ச நாளாக ஸ்டீயரிங் மட்டும் இறுகிப்போய், ஒவ்வொரு வளைவிலும் தோளைப் பிடுங்கியது. ஈப்போவில் இரண்டு பட்டறைகளில் காட்டினான். "இந்த மாதிரி லோரி நாங்க பாக்கறதில்ல லா," என்று அனுப்பிவிட்டார்கள்.

தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். ஜெயபாலன். ராணுவப் பட்டறையில் இதே லோரிகளைப் பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபின் போன வருஷம் இவர்கள் குடியிருக்கும் தாமானுக்கே குடிவந்திருந்தார்.

அவரைக் கூப்பிட அர்ச்சுனனுக்கு மனமில்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தாப்பாவில் அவன் மனைவி கலாதேவியை முதலில் பெண் பார்க்க வந்தவர் அவர்தான். பட்டாளத்துக்காரனைக் கடல் தாண்டிச் சபாவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று கலாவின் அப்பா மறுத்துவிட்டார். மறு வருஷம் அர்ச்சுனன் வந்தான். கல்யாணமான புதிதில் கலாவே இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்பா வேண்டாம் என்றார், சரி. கலா என்ன நினைத்தாள்? அவன் கேட்டதில்லை.

வேறு வழியில்லாமல் கூப்பிட்டான். சனிக்கிழமை காலை ஜெயபாலன் வந்தார். முன் அச்சுக்கடியில் ஜேக் வைத்து இரண்டு சக்கரத்தையும் தரையிலிருந்து தூக்கினார். "பாரம் எறங்குனாத்தான் கிரீஸ் உள்ள போகும், பாஸ்," என்றார். இடது பக்கத்தை அவரே முடித்தார். துணியால் துடைத்து, கிரீஸ் பம்பை வைத்து, மெதுவாக அழுத்தி, கசியும் பழைய கறுப்புக் கிரீஸை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அந்த நிதானமே அர்ச்சுனனுக்கு எரிச்சலாக இருந்தது.

"வலது பக்கம் நீங்க அடிங்க. நாலு அமுக்கு போதும். மேல அடிச்சா உள்ள கிரீஸத் தடுக்கற சீல் தாங்காது."

அர்ச்சுனன் லோரிக்கடியில் படுத்துக்கொண்டான். அப்போது கலா காப்பியோடு வெளியே வந்தாள். அவன் படுத்திருந்த இடத்திலிருந்து கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஜெயபாலனின் கறுப்பு பூட்ஸ். அதற்கெதிரே கலாவின் புதுச் செருப்பு. வாசலுக்கு வருவதற்கு அவள் ஒருநாளும் புதுச் செருப்பு போட்டதில்லை.

"சீனி கம்மியாத்தான் போட்டேன். ஒத்துக்காதுன்னு அன்னிக்கு கடையில சொன்னீங்களே."

எந்தக் கடையில்? என்றைக்கு? அர்ச்சுனன் பம்பை அழுத்தினான். ஒன்று, இரண்டு.

"தாப்பா வீட்டு ஜன்னல் நீலக் கலர்தானே, கலா?"

"ஐயோ, இன்னும் ஞாபகம் இருக்கா?"

அவள் சிரித்தாள். தாமானில் எல்லா ஆம்பிளையையும் அண்ணே என்று கூப்பிடுகிறவள் இந்த ஆளை மட்டும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அர்ச்சுனன் அழுத்திக்கொண்டே இருந்தான். எண்ணிக்கை எப்போதோ விட்டுப்போயிருந்தது. கைப்பிடி இறுகி, பிறகு திடீரென்று லேசாகிவிட்டது. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் பிதுங்கி வழிந்தது. அவசரமாகத் துணியால் துடைத்தான்.

"ஆச்சா, பாஸ்?"

"ஆச்சு," என்றான்.

திங்கட்கிழமை தோட்டத்துக்குக் கலாவும் கூட வந்தாள். டுரியான் எடை போடும்போது அவள் இருந்தால்தான் அவனுக்கு வசதி. ஸ்டீயரிங் வெண்ணெய்போலத் திரும்பியது. "நல்லாப் பண்ணியிருக்காரு," என்றாள்.

பாரம் ஏற்றி இறங்கும்போது, இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தான். வலது சக்கரம் பிடிக்கவே இல்லை. லோரி இடப்பக்கம் வெட்டி இழுத்து, கலா உட்கார்ந்திருந்த பக்கமாகவே மண்சுவரில் போய் மோதியது. மேலே கூடைகள் சரிந்து டுரியான்கள் பாதையெங்கும் உருண்டன. கலாவின் நெற்றியில் ரத்தம்.

"ஒண்ணுமில்ல, தோலுதான்," என்று துண்டால் அழுத்திக்கொண்டாள். அவன் மறுபக்கம் எட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் பள்ளம்.

கலா கைப்பேசியை எடுத்து ஜெயபாலனைக் கூப்பிட்டாள். எண் அவளிடம் இருந்தது. அதையும் அவன் கவனித்தான். அந்த நிலையிலும் கவனித்தோமே என்று வெட்கமாக இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் வந்தார். முதலில் கலாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை இழுத்தார். உள்ளே முழுக்கக் கிரீஸ் அப்பியிருந்தது. அதை விரலில் தேய்த்து முகர்ந்தார்.

"பழைய சீல், பாஸ். எப்படியும் போயிருக்கும்."

அவர் தப்பிக்க வழி விடுகிறார் என்று அர்ச்சுனனுக்குப் புரிந்தது. அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இல்ல. நாந்தான். நீங்க ரெண்டு பேரும் பேசுனதக் கேட்டுக்கிட்டே அடிச்சேன். எத்தன அடிச்சேன்னே தெரியல. கிரீஸ் வெளிய வந்துச்சு. தொடச்சிட்டு சும்மா இருந்துட்டேன்."

ஜெயபாலன் தலை குனிந்து, பெட்ரோல் நனைத்த துணியால் டிரம்மைத் துடைக்க ஆரம்பித்தார். கலாவின் முகம் சிவந்தது.

"வெளிய வந்தத பாத்துட்டா என்னைய ஏத்திட்டு வந்தீங்க?"

அவன் சரிந்த கூடையை நிமிர்த்தி வைத்தான்.

மெதுவாக வீடு போய்ச் சேரும் அளவுக்குப் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, "புது சீல் நான் தேடித் தரேன்," என்று ஜெயபாலன் கிளம்பினார். இருவரும் குனிந்து டுரியான்களைப் பொறுக்கினார்கள். பாதிக்கு மேல் வெடித்திருந்தன.

"அவர ஏன் அண்ணேன்னு கூப்பிட மாட்டேங்கற?" என்று அர்ச்சுனன் கேட்டான்.

"பொண்ணு பாக்க வந்த ஆள எப்படிங்க அண்ணேன்னு கூப்பிடறது? கூச்சமா இருக்காது?"

"அப்ப ஒனக்கு அவர புடிச்சிருந்துச்சா?"

அவள் கூடையை இறக்கிவைத்தாள். "புடிச்சிருந்துச்சு. அப்பா வேணாம்னதும் ஒரு வாரம் அழுதேன். மறு வருஷம் நீங்க வந்தீங்க."

"என்னைய புடிச்சிருந்துச்சா?"

"ஒடனே புடிக்கல. நம்ம பையன் யுகேன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ரெண்டு நாளு தூங்காம நின்னீங்கல்ல, அதுக்கப்புறந்தான்."

அவன் கேட்க விரும்பிய பதில் இல்லை அது. ஆனால் பொய்யில்லை என்று தெரிந்தது. நெஞ்சில் வலி அப்படியேதான் இருந்தது.

"நெத்தி வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் கோபம் குறையாமல். "ஓட்டுங்க. மெதுவா."

அந்த வாரமே ஜெயபாலன் சீலோடு வந்தார். அர்ச்சுனன்தான் காப்பி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முகத்தைச் சுளித்தார்.

"சீனி அதிகம், பாஸ்."

"தெரியும்," என்றான் அர்ச்சுனன். பிறகு அதை வாங்கிக்கொண்டு, சீனி குறைத்து வேறு கலக்க உள்ளே போனான்.