சதுப்புக்குப் போகாத லாரி

...விஷமில்லையாம், அதனால எங்க வேணா கொட்டலாமாம், அப்படியா, பழங்கூட விஷமில்லைதான், உன் மூக்குல அடைச்சா மூச்சு விடுவியா மேனேஜர் இசிரேலி, காலையிலேயே இப்படிக் கேட்டிருக்கணும், கேக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு லாரியை எடுத்துட்டேன், பின்னால கரும்பாலைச் சேறு ஆவி பறக்கக் கெடக்கு, சாறு வடிகட்டினதுல மிஞ்சினது, மரவள்ளிக்குப் போட்டா கிழங்கு தொடை மொத்தம் இறங்கும், அதைப் போய் எதுக்கு அலையாத்திச் சதுப்புல கொட்டணும்... ஊர் மரவள்ளித் தோட்டம் தூரமாம், சதுப்பு பக்கமாம், பக்கந்தான், அங்கதான் எங்கம்மாவும் தங்கச்சியும் இடுப்பளவு இறங்கி நண்டு பிடிக்கிறாங்க, இதைக் கொண்டுபோய் மேல மூடினா ஒரு நண்டு தங்குமா, ஆலை ஓடாத மாசமெல்லாம் ஊருக்கே அந்த நண்டுதானே சாப்பாடு, புது மேனேஜருக்கு இது தெரியாதா, தலைநகர் சுவாவுல படிச்சாலும் எங்க ஆளுதானே, வந்த அன்னிக்கு எங்க ஊர்ல கைதட்டி யங்கோனா வேர்ச்சாறு வாங்கிக் குடிச்சவன்தானே... அட, அப்போ எங்க சனம் வாய்விட்டுக் கேட்டு வாங்குற வழக்கமும் அவனுக்குத் தெரியும், லாரியைத் திருப்பிட்டேன்.

ஆலை வாசல்ல இசிரேலி நிக்கிறான், கூட நாலஞ்சு டிரைவருங்க, நல்லதாப் போச்சு, வேலையை விட்டுத் தூக்கினா தூக்கட்டும், நடுவாசல்ல நிறுத்தி எஞ்சினை அணைச்சேன், இவ சண்டைக்கு வர்றான்னு நெனச்சு நெஞ்சை நிமித்தினான், நான் சண்டை போடல, சார்னும் சொல்லல. "கெரேகெரே, அண்ணே. இந்தச் சேறு எனக்கு வேணும். இந்த வருச அரைவை முடியிற வரைக்கும் எல்லா லோடும் வேணும்." கெரேகெரேன்னு வாய்விட்டுக் கேட்டப்புறம் நாலு பேர் முன்னாடி இல்லைன்னு சொன்னவன் எங்க சனத்துல தலைகாட்ட முடியுமா என்ன, அவன் முகத்துல ஈயாடல, "குப்பையைப் போய் யாராச்சும் கெரேகெரே கேப்பாங்களா உனாய்சி?" "குப்பைன்னா குடுக்க ஏன் வலிக்குது?" டிரைவருங்க குனிஞ்சு சிரிக்கிறானுங்க, அவன் தரையைப் பாத்தான், என்னைப் பாத்தான், எடுத்துட்டுப் போன்னு கையை அசைச்சான், லாரியைத் தோட்டத்துப் பக்கம் ஒடிச்சேன், எனக்குச் சந்தோஷம் தாங்கல, வாய்விட்டுப் பாட்டே வந்துடுச்சு, போடா, என் நண்டு மேலயா கொட்டுவே... கண்ணாடியில பாத்தா இன்னும் அங்கேயே நிக்கிறான், அவனும் சிரிக்கிறான், எதுக்குச் சிரிக்கிறான்... அய்யோ, வாங்கினவ நானாச்சே, நாளைக்கு அவன் எங்க வீட்டு முன்னால வந்து கெரேகெரே தங்கச்சின்னு நின்னா நானும் இல்லைன்னு சொல்ல முடியாதே... என்ன கேப்பான்?