சூசை வீட்டுக் கடல்

என் வீட்டுக்காரர் நீலகண்டன் பூகோள வாத்தியார். நாஞ்சில் நாட்டு வயல்காட்டில் பிறந்த மனுஷர். மணவாளக்குறிச்சிப் பக்கம் வேலை கிடைத்ததும் கடல் பைத்தியம் பிடித்துவிட்டது. திருக்கொச்சி ராஜ்ய வரைபடத்தில் கடலை வெறும் நீலமாகத் தீட்டுவது மடத்தனமாம். காற்றும் நீரோட்டமும் மட்டுமா கடல்? மனுஷர் அங்கே பிழைக்கிறார்கள், இடத்துக்கு இடம் பேர் வைத்திருக்கிறார்கள், அதையும் வரைந்தால்தான் பூகோளமாம். சொன்னது சரிதான், நான் சண்டைக்குப் போகவில்லை.

அவர் வகுப்பில் ராகேல் என்றொரு பெண், கட்டுமரக்காரர் சூசையின் மகள். சார் கேட்கக் கேட்கச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். கட்டுமரத்திலிருந்து கரையைப் பார்த்தால் மாதா கோயில் கோபுரமும் மலையுச்சியும் ஒரே நேராகத் தெரிய வேண்டும். மேற்கே ஒற்றைப் பனை மணல்மேட்டைத் தொட வேண்டும். அந்த இடத்தில் தண்ணீருக்கடியில் ஒரு பார், மீன் கூடும் பாறை. அப்பாவுக்கு மட்டுமே தெரிந்தது. இவர் அதை அப்படியே பெரிய தாளில் வரைந்து, 'சூசை பார்' என்று எழுதி, பள்ளி ஆண்டுவிழாவில் வாசலிலேயே மாட்டிவிட்டார். கௌரவப்படுத்துகிறாராம்! ஊரே வந்து பார்த்தது. நானும் நின்று பெருமைப்பட்டேன்.

வயலுக்கு வரப்பு உண்டு, பத்திரம் உண்டு, ஊரறியச் சொன்னால்தான் உரிமை நிற்கும். கடலில் வாயை மூடினால்தான் உரிமை. வரப்பில் நடந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இது உறைக்கவில்லை.

மறுநாளே அந்தப் பாரின் மேல் கட்டுமரங்கள் மொய்த்தன. எங்களுக்கு மீன் கொண்டுவரும் ஞானம், சூசையின் பெண்சாதி, கூடையை இறக்காமல் வாசலில் நின்றாள்.

"மீனு போனாப் போட்டும் அம்மா. வீட்டு ரகசியத்த வெளிய விட்ட பெண்ணுன்னு கரை முழுக்கப் பேசுது. இனி எந்தக் கட்டுமரக்காரன் இவளக் கெட்டுவான்?"

எனக்கு முகம் எரிந்தது. உள்ளே கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவரிடம் கத்தினேன். "கேட்டியளா? போங்க! அவ சொல்லலன்னு சொல்லிட்டு வாங்க!"

போனார். நானும் கூடப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நின்று, "ராகேல் ஒண்ணும் சொல்லல. நானே கண்டுபிடிச்சதுதான்," என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், மணலைப் பார்த்தே சொன்னார்.

"சாரே, நீரு கணுக்கால் நனையக் கடல்ல எறங்கி நாங்க கண்டதில்ல. பாரை எப்பிடிக் கண்டுபிடிச்சீரு, கனவுலயா?" என்றான் ஒருவன். கரையே சிரித்தது. பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது.

சூசை சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போங்க சாரே. நீங்க பேசப் பேச அவளுக்குத்தான் கேடு," என்றார் மரியாதையாக. கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை.

அவர் பக்கத்தில் ராகேல் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இவருக்குப் போக மனம் வரவில்லை. "மக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடம் வருவியா?" என்று கேட்டார்.

அவள் எங்களைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

"இதச் சொல்லலாமா, அப்பா?"