ஒட்டகம் இருந்த சுவர்

பரிசோதகர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் ஒட்டகம் இல்லை.

ஒட்டகம் என்பது ஈரக்கறை. மேல்வீட்டுக் குழாய் உள்ளுக்குள் எங்கேயோ கசிந்து, அந்த ஒற்றை அறையின் உள்சுவரில் ஆறு வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது. முதலில் அதற்கு எந்த உருவமும் இல்லை. மூன்றாவது வருடம் கழுத்து மாதிரி ஒன்று முளைத்தது. மகள் பார்த்துவிட்டு ஒட்டகம் என்றாள். ஐந்தாவது வருடம் முதுகில் இரண்டாவது திமிலும் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. வீட்டில் அவள், அவளுடைய அப்பா, பத்து வயது மகள் என்று மூன்று பேர். கணவன் வேறு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருப்பதாகக் கேள்வி. பட்டியலில் காத்திருக்காமலே வீடு கிடைத்தது இந்தக் குடும்பத்தில் அவன் ஒருவனுக்குத்தான்.

பட்டியல் என்றால், குறைந்த வாடகைக் குடியிருப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியல். அவள் எழுதிப் போட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அங்கே கஷ்டத்துக்குத் தகுந்த மதிப்பெண். ஒரே அறையில் மூன்று பேர் படுத்தால் இத்தனை, பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்தால் இத்தனை, காத்திருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று, ஈரச்சுவருக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் அறுபதைத் தாண்டாதவள் இதில் எழுபத்து மூன்று வாங்கியிருந்தாள். புதிதாகக் கட்டிய கட்டடத்தில் எழுபதும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு வீடு என்று கடிதம் வந்தது. ஒருவர் நேரில் வந்து எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான் பாக்கி என்றும் அதில் இருந்தது.

ஆகவே அந்தச் சுவரை அவள் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை கொத்தனாரை அனுப்புவதாகச் சொன்னார். "பரவாயில்லைங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள். இவ்வளவு தங்கமான குடித்தனத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அவர் மற்ற வீடுகளில் போய்ச் சொன்னார்.

அப்பாவிடமும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவருக்குத்தான் அது கஷ்டம். முப்பத்தெட்டு வருடம் பெயிண்டராக இருந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன்னால் உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பட்டி சரியா பாக்கல" என்று சொல்லி அந்த வீட்டின் காப்பியைக் கெடுத்துக்கொள்பவர். அப்படிப்பட்டவர் ஆறு வருடமாக ஒட்டகத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

இப்போது சுவர் வெள்ளையாக இருந்தது. வெறும் வெள்ளை இல்லை; ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மகளை எதிர்வீட்டில் உட்காரவைத்துவிட்டு, அப்பா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"நாளைக்கு ஆபீசர் வர்றாரில்ல?"

"அவரு அதைப் பாக்கத்தாம்ப்பா வர்றாரு."

"மார்க்குதான் போன வருஷமே போட்டுட்டாங்களே. வீடு குடுக்கிறவன் என்னம்மா பாப்பான்? இருக்கிற வீட்டை எப்படி வெச்சிருக்காங்கன்னு பாப்பான். உனக்குத் தெரியாது. உங்கம்மாவும் நானும் பதினாலு வீடு மாறியிருக்கோம். ஒவ்வொருத்தனும் முதல்ல நம்ம பழைய வீட்டை வந்து பாத்துட்டுதான் சாவியக் குடுத்தான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவர்களின் ஒரே சாமர்த்தியம் அதுதான். அவளும் அதைப் பார்த்து வளர்ந்தவள்தான். அவள் கோபம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்கு விரிப்பு மடிக்கிற வேலை. யார் படுத்த விரிப்பு, அவர் எழுந்து போனாரா, தூக்கிக்கொண்டு போனார்களா என்று யோசிக்காமல் மடிக்கப் பழகுவதற்கு அங்கே ஒரு வருடம் ஆகும். பழகிவிட்டால் பிறகு மற்றதெல்லாம் சுலபம். கை கால் கழுவிக்கொண்டு வந்து சோற்றுக்கு அரிசி களைந்தாள்.

மறுநாள் வந்த பரிசோதகர் சின்ன வயசு. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கையிலிருந்த கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டினார். மூன்று பேர், ஆமாம். ஒரே அறை, ஆமாம். டாக்டர் சீட்டு, இருக்கிறது.

"ஈரச்சுவர்னு போட்டிருக்குக்கா. எது?"

அவள் காட்டினாள். அவர் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வேறு சுவரைக் காட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

"இதுதான். நேத்து வரைக்கும் இருந்துச்சு."

"மூணு கோட்டு சார்," என்றார் அப்பா. அவர் சலவைச் சட்டை போட்டிருந்தார். "முதல்ல நல்லா சுரண்டிட்டு, அடியில தண்ணி தாங்குற மருந்து அடிச்சு, மேல ரெண்டு. வெளியில குடுத்தா இந்த வேலை வராது சார். இனிமே கடலே வந்து மோதினாலும் ஒரு சொட்டு உள்ள வராது."

"நல்லா பண்ணியிருக்கீங்க ஐயா" என்றார் பரிசோதகர், நிஜமாகவே. பிறகு அவளிடம் கருவியைக் காட்டினார். "இதுல ரெண்டே கட்டம்தான்க்கா. இருக்கு, இல்லை. இருந்துச்சுன்னு ஒண்ணு கிடையாது."

"இல்லைன்னு போட்டா?"

"அறுபத்தொண்ணு வரும்."

அப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்புக்கு விஷயம் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?"

இல்லை. தினமும் கண்விழித்துப் பார்க்கிற சுவரை யார் படம் எடுத்து வைப்பார்கள்?

"முப்பது நாளைக்குள்ள மறுபடியும் ஈரம் வந்துச்சுன்னா தேதியோட போட்டோ எடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க. நானே திரும்ப வந்து பாத்து எழுதறேன். தானா வரணும்க்கா. நீங்களா சுரண்டினா அது சேதாரம்னு வேற கட்டத்துல போயிடும்." வாசலில் செருப்பை மாட்டியபடி ஒரு தடவை திரும்பிச் சுவரைப் பார்த்தார். "எங்க வீட்டுக்கும் ஒரு ஆள் தேடிட்டிருக்கேன்" என்று தொடங்கியவர், முடிக்காமல் படியிறங்கிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் கேட்டுப் பார்த்தாள். அவர் வந்து சுவரைப் பார்த்து மகிழ்ந்தார். "என் வீட்டுல ஈரமா? யாரும்மா சொன்னது?" என்றார்.

அதற்குப் பிறகு செய்வதற்கு எதுவும் இல்லை. காத்திருப்பது அவர்களுக்குப் புதிதும் இல்லை. ஒன்பது வருடம் வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் இப்போது ஈரத்துக்காகக் காத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து சுவரைப் பார்த்தார்கள். டிவி இருக்கிற வீடுகளில் இப்படித்தான் உட்காருவார்கள். மகள் நினைவிலிருந்து விரலால் காற்றில் ஒட்டகத்தை வரைந்து, கழுத்து இங்கே ஆரம்பித்தது, இல்லை இங்கே என்று தன்னோடு தானே சண்டை போட்டாள். மூன்றாவது வாரம் அப்பா மேல்வீட்டு அம்மாவைப் படியில் நிறுத்தி விசாரித்தார்.

"உங்க வீட்டுக் குழாய் இன்னும் ஒழுகுதாம்மா?"

"ஏன், உங்க வீட்டுல இறங்குதா?"

"இறங்கலையே. அதான் கேட்டேன்."

அந்த அம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

இருபத்தாறாம் நாள் அவர் சொன்னார்: "ஒரு தடவை ஒரு கல்யாண மண்டபம் அடிச்சேன். மேஸ்திரி அவசரப்படுத்தினான்னு மருந்து அடிக்காம விட்டேன். மூணே மாசத்துல உரிஞ்சு வந்துச்சு. எவ்வளவு திட்டு தெரியுமா." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாதிரி பண்ணித் தொலைச்சிருக்கலாம்" என்றார்.

"தூங்குங்கப்பா."

"கோபமா இருக்கியாம்மா?"

"இல்லப்பா." அது உண்மைதான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்காகக் கோபத்தை எங்கே போய் வாங்கி வருவது? அவர் திரும்பிப் படுத்தார். இப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறார்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வேலைவிட்டு வந்தவள் கதவைத் திறந்ததும் நின்றாள். அப்பா தரையில் சம்மணம் போட்டு, முகம் சுவரில் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பள்ளிச் சீருடையோடு மகள் அவருக்குப் பின்னால் குனிந்து நின்றாள். ஒட்டகத்தின் பின்னங்கால் இருந்த இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வெள்ளைப் பரப்பில் ஒரு சின்னக் கொப்புளம். துவரம்பருப்பு அளவு இருக்கும். உள்ளே ஈரம் வந்திருக்கலாம். வெறும் காற்றாகவும் இருக்கலாம்.

"அம்மா, போன எடு" என்றாள் மகள், மூச்சுவிடாமல்.

அவள் பையில் கையை விட்டாள். அப்போதுதான் பார்த்தாள்: முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் அப்பாவின் வலது கட்டைவிரல், அந்தக் கொப்புளத்தை அழுத்தித் தேய்த்துச் சமன் செய்வதற்காகத் தானாக எழும்பியிருந்தது. அவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கும் விரலுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருந்தது.